அடைப்புக்குறிக்குள் ஒரு மலையெல்லை: அகத்தியமலைக் காணிக்காரரும் 1956ஆம் ஆண்டின் மாநில எல்லையும்

ஆய்வுச் சுருக்கம்

அகத்தியமலைத் தொடரின் இருபுறமும் வாழும் காணிக்காரர் என்னும் பழங்குடியினர் இன்று தமிழ்நாடு, கேரளம் ஆகிய இரு மாநிலங்களில் பிரிந்துள்ளனர். 1956இல் மறைந்துபோன திருவிதாங்கூர் – சென்னை எல்லை, தமிழ்நாட்டுப் பழங்குடிப் பட்டியலின் அடைப்புக்குறிக்குள் 2003 வரை உயிரோடிருந்தது. அதனால் பாபநாசம் மலைக் காணிக்காரரின் உரிமைகள் எவ்வாறு பாதிக்கப்பட்டன என்பதை இக்கட்டுரை ஆராய்கிறது. பாமிர் மலைப்பகுதியில் நான்கு நாடுகளில் பிரிந்து வாழும் வாக்கி மக்களின் எல்லை வரலாறு ஒப்பீட்டிற்காக எடுத்துக்கொள்ளப்படுகிறது.

குறிச்சொற்கள்: காணிக்காரர், காணியாட்சி, அகத்தியமலை, மாநில மறுசீரமைப்பு, பழங்குடிப் பட்டியல், வன உரிமை, ஆரோக்கியப்பச்சை, வாக்கி.

முன்னுரை

கும்பகோணத்தைச் சுற்றியுள்ள ஊர்களில் 'காணி' என்றால் நிலம். பின்னக் கணக்கில் அது எண்பதில் ஒன்று. வேலியில் இருபதில் ஒரு பங்கு மா, மாவில் நான்கில் ஒரு பங்கு காணி. கல்வெட்டுகளில் 'முக்காணி' என்று வருமிடங்களைக் கூட்டிக் கழித்துப் பழகிய ஆய்வு மாணவர்க்கு இச்சொல் முதலில் ஓர் அளவு, பிறகுதான் உரிமை. சோழர் காலக் கல்வெட்டுகளில் ஒருவர்க்கு ஒரு நிலம் 'காணி'யாக இருப்பதென்பது, அவர் அதை வழிவழியாக அனுபவிக்கவும் விற்கவும் கொடைதரவும் தகுதியுடையவர் என்பதைக் குறிக்கும்.

இப்பின்னணியோடு தமிழ்நாட்டின் பழங்குடிப் பட்டியலைப் படிக்கும்போது ஓர் இடத்தில் நின்றுவிட நேர்கிறது. 1976ஆம் ஆண்டுச் சட்டத்தால் திருத்தியமைக்கப்பட்ட அப்பட்டியலில் 36 இனங்கள் இடம்பெற்றன. அவற்றுள் ஒன்று 'காணிக்காரன், காணிக்கர்'. அப்பெயரை அடுத்து ஓர் அடைப்புக்குறி வருகிறது: கன்னியாகுமரி மாவட்டத்திலும் திருநெல்வேலி மாவட்டத்தின் செங்கோட்டை வட்டத்திலும் மட்டும் என்பது அதன் பொருள். நில உரிமையைப் பெயராகக் கொண்ட ஒரு மக்களுக்கு, எந்த நிலத்தில் நின்றால் அவர்கள் அம்மக்களாவர் என்று அரசு வரையறுத்திருக்கிறது. அந்த அடைப்புக்குறி எங்கிருந்து வந்தது, அதற்கு வெளியே நின்றவர் யாவர் என்பனவே இக்கட்டுரையின் வினாக்கள்.

காணி: படுகையிலும் மலையிலும்

எட்கர் தர்ஸ்டன் 1909இல் வெளியிட்ட தென்னிந்தியக் குலங்களும் குடிகளும் பற்றிய நூலின் மூன்றாம் தொகுதியில் காணிக்காரர் குறித்த நெடிய பதிவு உள்ளது. காணிக்காரன் என்பதற்கு நிலத்தின் பரம்பரை உரிமையாளன் என்னும் விளக்கம் அதில் தரப்படுகிறது. இனப்பெயர்களுக்குத் தரப்படும் விளக்கங்களை அப்படியே சான்றாகக் கொள்வது ஆபத்தானது. பெயர் வைத்தவர் யார், எந்தக் காலத்தில் என்ற கேள்விகளுக்கு அவை விடைதருவதில்லை. ஆயினும் இவ்விளக்கம் புறக்கணிக்கத்தக்கதன்று. சமவெளித் தமிழில் 'காணி', 'காணியாட்சி', 'காணியாளர்' என்னும் சொற்கள் பெற்றிருந்த பொருளோடு அது முழுதும் பொருந்துகிறது. எல்லிஸ் 1818இல் வெளியிட்ட மிராசு உரிமை பற்றிய ஆய்வில், அரபு வழி வந்த மிராசு என்னும் ஆட்சிச் சொல்லுக்கு நேரான தமிழ்ச் சொல்லாகக் காணியாட்சியையே காட்டினார். காவிரிக் கரையின் அல்லூர், ஈசானமங்கலம் ஆகிய ஊர்களின் கல்வெட்டுகளை ஒப்பிட்ட நொபொரு கராஷிமா, சோழர் காலத்தில் நிலவுடைமை எவ்வாறு மாறியது என்பதை ஆராய இத்தகைய உரிமைச் சொற்களையே நுணுகி நோக்கினார்.

படுகையில் காணியுரிமைக்குச் சான்று கல்லில் உண்டு, ஓலையில் உண்டு, பின்னர்ப் பட்டாவில் உண்டு. மலையில் அவ்வாறில்லை. அங்கு உரிமை என்பது இடம் அறிந்திருத்தல்: எந்தப் பாறையில் தேன் எடுப்பது, எந்தச் சரிவை எத்தனை ஆண்டு ஆறப்போடுவது, யானைத் தடம் எது, எந்த ஓடையின் தலையில் எந்தத் தெய்வம் என்பன தெரிந்திருத்தலே அங்குக் காணி. இவ்வேறுபாடு ஒரு மக்களின் அறிவுநிலை பற்றியதன்று. ஆவணத்தின் வடிவம் பற்றியது. பின்னாளில் அரசுகள் ஏற்றுக்கொண்டது ஒரே ஒரு வடிவத்தைத்தான்.

எல்.ஏ. கிருஷ்ண ஐயர் 1937இல் வெளியிட்ட திருவிதாங்கூர்ப் பழங்குடிகள் பற்றிய நூலின் முதல் தொகுதி காணிக்காரரின் சமூக அமைப்பை ஓரளவு விரிவாகத் தருகிறது. குடியிருப்பின் தலைவர் மூட்டுக்காணி. மக்களை அழைத்துக் கூட்டுபவர் விளிக்காணி. மருத்துவமும் சடங்கும் தெரிந்தவர் பிலாத்தி. மக்கள் இல்லங்களாகப் பகுக்கப்பட்டிருந்தனர். ஓர் இல்லத்தார் தமக்குள் மணப்பதில்லை. அண்ணன் தம்பி முறை இல்லம், மச்சான் முறை இல்லம் என்ற பாகுபாடே பெண் கொள்வதையும் கொடுப்பதையும் தீர்மானித்தது. நோய் தீர்க்கவும் தெய்வத்தை வேண்டவும் பாடப்படும் சாற்றுப்பாட்டுக்குக் கொக்கரை என்னும் இரும்புக் கருவியை உரசி ஒலியெழுப்புவர். காடெரித்துப் பயிரிடும் முறையில் நெல், மரவள்ளி, சிறுதானியங்கள் விளைந்தன. நிலம் தளர்ந்ததும் குடியிருப்பு நகர்ந்தது.

இல்ல மணமுறையும் இடம்பெயர் வேளாண்மையும் நம் வினாவுக்கு இன்றியமையாதவை. மணவுறவுக்கு மச்சான் இல்லம் தேடிச் செல்லும் மக்களும், நிலத்தை ஆறப்போட்டு அடுத்த சரிவுக்குச் செல்லும் மக்களும் ஒரு கோட்டிற்குள் அடங்கியிருக்க வேண்டிய தேவை இருந்ததில்லை.

முகட்டின் இருபுறமும்

அகத்தியமலை 1,868 மீட்டர் உயரமுடையது. அத்தொடரின் கிழக்குச் சரிவில் தாமிரபரணி பிறக்கிறது. மேற்கிலும் தெற்கிலும் கரமனையாறு, நெய்யாறு, கோதையாறு ஆகியன இறங்குகின்றன. குடமுனியாகிய அகத்தியர் காவிரியையும் கமண்டலத்தில் கொணர்ந்தவர் என்பது படுகைக்காரர் நம்பிக்கை. அவர் வீற்றிருக்கும் மலை பொதிகை என்பது பாண்டிநாட்டார் நம்பிக்கை. காணிக்காரர்க்கோ அவர் தங்கள் மலைத்தெய்வம். மேற்கே திருவனந்தபுரம் மாவட்டத்தின் கோட்டூர், விதுரா, பேப்பாறைப் பகுதிகளிலும், தெற்கே குமரி மாவட்டத்தின் பேச்சிப்பாறை, கோதையாறு, பத்துகாணி, மோதிரமலைப் பகுதிகளிலும், கிழக்கே பாபநாசத்துக்கு மேலே சேர்வலாறு, மயிலாறு, இஞ்சிக்குழி முதலிய இடங்களிலும் அவர்தம் குடியிருப்புகள் உள்ளன.

தர்ஸ்டன் பதிவு செய்த தோற்றக்கதை ஒன்று முகட்டைக் கடந்ததைப் பற்றியதே. சிறீரங்கன், வீரப்பன் என்னும் இரு மலையரசர் அகத்தியகூடத்துக்கு அப்பாலுள்ள பாண்டிய நாட்டிலிருந்து வந்து, திரும்பிச் செல்லாமல் தங்கினர் என்பது அக்கதை. வரலாற்று நிகழ்வாக இதனைக் கொள்ள வேண்டியதில்லை. ஆனால் தம்மை மலையின் இருபுறத்தோடும் உறவுடையவராக இம்மக்கள் எண்ணினர் என்பதற்கு இதுவே போதும். மேற்குப்புறத்தில் வேறொரு மரபு வழங்குகிறது. மார்த்தாண்டவர்மர் (ஆட்சி 1729–1758) பகைவர்க்கு அஞ்சி மறைந்து திரிந்த நாள்களில் காணிக்காரர் அவர்க்கு அடைக்கலம் தந்தனர் என்பது அது. ஓணத்துக்கு முன்பு தேன், மூங்கிற் பொருள்கள் முதலிய காணிக்கைகளுடன் அவர்கள் திருவனந்தபுரம் கவடியார் அரண்மனைக்குச் செல்லும் வழக்கம் இன்றும் தொடர்கிறது.

இவ்விரு மரபுகளையும் அருகருகே வைத்தால் ஒன்று புலப்படும். அரசுடன் கொண்ட உறவு மேற்குப்புறத்தில் நினைவாகவும் சடங்காகவும் நிலைத்தது. கிழக்கே அவ்வாறான அரசன் இல்லை. முதலில் பாளையங்களும் சமீன்களும், பிறகு ஆங்கிலேயரின் மாவட்ட ஆட்சியும், 1882ஆம் ஆண்டுச் சென்னை வனச்சட்டமும் வந்தன. தர்ஸ்டன் தம் பதிவைத் தொடங்கும்போதே காணிக்காரரைத் தென் திருவிதாங்கூர் மலைகளில் வாழும் மக்கள் என்றே அறிமுகப்படுத்துகிறார். கிருஷ்ண ஐயரின் நூலோ தலைப்பிலேயே திருவிதாங்கூருக்கு உரியது. எழுதியவர்கள் எந்த அரசின் பணியில் இருந்தார்களோ அந்த அரசின் எல்லையோடு எழுத்தும் நின்றது. கிழக்குச் சரிவில் வாழ்ந்தவர்கள் நூலில் இல்லாதவர்கள் ஆயினர். பின்னாளைய சட்டத்தின் அடைப்புக்குறிக்கு விதை இங்கேயே விழுந்தது என்பது இக்கட்டுரையாளரின் கருத்து.

வாக்கி மக்கள்: ஓர் ஒப்புநோக்கு

மலைமக்களை எல்லைகள் பிரித்த வரலாற்றில் உலகறிந்த எடுத்துக்காட்டு வாக்கி மக்கள். கீழை ஈரானிய மொழி ஒன்றைப் பேசும் இவர்கள் இன்று ஆப்கானித்தானின் வாக்கான் பள்ளத்தாக்கு, தசிகித்தானின் பாமிர்ப் பகுதி, பாகித்தானின் ஹுன்சா, சித்ரால் மேற்பகுதிகள், சீனத்தின் தாஷ்குர்கான் பகுதி என நான்கு நாடுகளில் வாழ்கின்றனர். பெரும்பாலோர் இசுமாயிலி முசுலிம்கள். ஆற்றங்கரையில் கோதுமையும் வாற்கோதுமையும் பயிரிட்டு, கோடையில் ஆடுகளையும் யாக் எருமைகளையும் மேல்நிலப் புல்வெளிக்கு ஓட்டிச்செல்வது அவர்தம் வாழ்முறை.

இரசியாவும் பிரித்தானியாவும் 1873இல் செய்துகொண்ட உடன்பாட்டில் ஆமு ஆறு ஆப்கானித்தானின் எல்லையாக ஏற்கப்பட்டது. 1893இல் தூரந்து கோடு தெற்கே வரையப்பட்டது. 1895இல் பாமிர் எல்லை ஆணையம் எஞ்சியதை அளந்து முடித்தது. இரு பேரரசுகள் ஒன்றையொன்று தொடாதிருக்க வேண்டும் என்பதற்காக சுமார் 350 கிலோமீட்டர் நீளமுள்ள ஒரு நிலத்துண்டு ஆப்கானித்தானுக்கு ஒட்டவைக்கப்பட்டது. அதுவே வாக்கான் இடைநிலம். ஆமுவின் மேற்பகுதியாகிய பஞ்சு ஆற்றின் இரு கரையிலும் ஒரே சிற்றரசின் கீழ் வாழ்ந்தவர்க்கு நடுவே ஓடிய ஆறே எல்லையாயிற்று. சோவியத்து ஆட்சி இறுகிய பின் வடகரையும், 1949க்குப் பின் சீனப்புறமும் மூடப்பட்டன. நசீப் சக்ரானி 1979இல் வெளியிட்ட நூலின் துணைத் தலைப்பே மூடிய எல்லைகளுக்குத் தகவமைதல் என்பதாகும்.

அகத்தியமலையின் கதை இத்துணைக் கொடியதன்று. இங்குப் படை நிற்கவில்லை; கம்பிவேலியும் இல்லை. வாக்கி மக்களுக்கு எல்லை என்பது காலைத் தடுப்பது. காணிக்காரர்க்கு அது காகிதத்தைத் தடுப்பது. ஆற்றைக் கடக்க முடியாதவர்க்கு எல்லை இருப்பது நாள்தோறும் தெரியும். முகட்டைக் கடந்து மச்சான் வீட்டுக்குச் சென்று திரும்புபவர்க்கு எல்லை தெரிவதில்லை. வட்டாட்சியர் அலுவலகத்தில் நிற்கும்போதுதான் தெரியும்.

1956: இடம்பெயர்ந்த எல்லை

1956 நவம்பர் 1 அன்று திருவிதாங்கூர்-கொச்சி மாநிலத்தின் அகத்தீசுவரம், தோவாளை, கல்குளம், விளவங்கோடு ஆகிய நான்கு வட்டங்கள் கன்னியாகுமரி மாவட்டமாகவும், செங்கோட்டை வட்டத்தின் பெரும்பகுதி திருநெல்வேலி மாவட்டத்தின் பகுதியாகவும் சென்னை மாநிலத்தில் சேர்க்கப்பட்டன. நேசமணி முதலிய தலைவர்கள் நடத்திய போராட்டமும், 1954 ஆகத்து 11 அன்று நிகழ்ந்த துப்பாக்கிச் சூட்டில் உயிர்நீத்தோரின் தியாகமும் தமிழறிந்த அனைவர்க்கும் தெரிந்தவை. அவ்வரலாறு மொழியின் அடிப்படையில் எழுதப்பட்டது. எல்லையும் அவ்வாறே வரையப்பட்டது.

மலையில் அந்த அளவுகோல் எளிதாகப் பொருந்தவில்லை. காணிக்காரரின் பேச்சு தமிழுக்கும் மலையாளத்துக்கும் நெருங்கியது. எந்தப் பக்கத்துக்கு உரியது என்று கேட்டால் கேட்பவரின் மொழியைப் பொறுத்து விடை மாறும். அவர்களிடம் யாரும் கேட்டதற்குச் சான்றில்லை. வட்டங்களின் பெரும்பான்மை மொழி எதுவோ அதன்படி வட்டத்தின் காடும் சென்றது. நெடுமங்காடு வட்டத்துக் காணிக்காரர் கேரளத்தினர் ஆயினர். கல்குளம் வட்டத்துக் காணிக்காரர் சென்னை மாநிலத்தவர் ஆயினர்.

இதன் மறுபக்கம் பெரும்பாலும் கவனிக்கப்படுவதில்லை. 1956 வரை பாபநாசத்துக் காணிக்காரர் பிரித்தானிய இந்தியாவிலும் பின் சென்னை மாநிலத்திலும், பேச்சிப்பாறைக் காணிக்காரர் திருவிதாங்கூரிலும் இருந்தனர். அன்று அவ்வெல்லை நீங்கியது. முதன்முறையாக இவ்விரு பிரிவினரும் ஒரே மாநிலத்தின் குடிகள் ஆயினர். ஒரு பிரிவு நிகழ்ந்த அதே நாளில் ஓர் இணைவும் நிகழ்ந்தது. அவ்விணைவு நிலப்படத்தில் முழுமை பெற்றது. பட்டியலில் முழுமை பெறவில்லை.

அடைப்புக்குறியின் வாழ்நாள்

அரசமைப்பின் 342ஆம் உறுப்பின்படி பழங்குடிகள் மாநிலந்தோறும், தேவையெனின் ஒரு மாநிலத்தின் பகுதிதோறும் அறிவிக்கப்படுகின்றனர். 1950ஆம் ஆண்டு ஆணையில் திருவிதாங்கூர்-கொச்சிக்குரிய பட்டியலில் காணிக்காரர் இருந்தனர். 1956இல் நிலம் கைமாறியபோது பட்டியலும் அந்நிலத்தோடு சேர்ந்து கைமாறியது. அதே ஆண்டின் திருத்த ஆணை, கன்னியாகுமரி மாவட்டத்துக்கும் செங்கோட்டை வட்டத்துக்கும் தனியே ஒரு பகுதியை வகுத்து, திருவிதாங்கூர்-கொச்சியில் வழங்கிய பெயர்களை அங்கு வைத்தது. பழைய சமத்தானத்தின் எல்லை இவ்வாறு புதிய மாநிலத்தின் சட்டத்துக்குள் அழியாமல் நின்றது.

1976ஆம் ஆண்டுச் சட்டத்தின் நோக்கங்களுள் ஒன்று இத்தகைய வட்டாரக் கட்டுப்பாடுகளை நீக்குவது. தமிழ்நாட்டுப் பட்டியலில் பல இனங்களுக்கு அவை நீக்கப்பட்டன, காணிக்காரர்க்கு நீக்கப்படவில்லை. அதே பட்டியலின் வேறு சில பதிவுகளைப் பார்த்தால் இக்கோட்டின் இயல்பு இன்னும் தெளிவாகும். தோடர், கோத்தர், கம்மாரர் ஆகிய மூவர்க்கும் எதிர்மறையான அடைப்புக்குறி உண்டு: கன்னியாகுமரி மாவட்டமும் செங்கோட்டை வட்டமும் நீங்கலாக. நீலகிரியில் வாழும் தோடர்க்குக் குமரிமுனையில் தகுதியில்லை என்று சொல்ல வேண்டிய தேவை மக்கள் வாழ்விலிருந்து எழுந்திருக்க முடியாது. பழைய சென்னை மாநிலப் பட்டியல் ஒன்று, பழைய திருவிதாங்கூர்ப் பட்டியல் ஒன்று. இரண்டையும் அருகருகே ஒட்டிய தையலின் தழும்பே இது. தோடர்க்கு அத்தழும்பு வலிக்கவில்லை. காணிக்காரர்க்கு வலித்தது, ஏனெனில் தையல் அவர்கள் வாழ்ந்த மலையின் மேல் விழுந்தது.

பாபநாசம் மலை அம்பாசமுத்திரம் வட்டத்தில் உள்ளது. கன்னியாகுமரி மாவட்டமும் அன்று, செங்கோட்டை வட்டமும் அன்று. ஆகவே மோதிரமலையில் பிறந்த காணிக்காரர் பழங்குடி. அவருடைய மச்சான் இல்லத்தைச் சேர்ந்த, மயிலாற்றில் பிறந்த காணிக்காரர் சட்டத்தின் கண்ணில் பழங்குடி அல்லர். இருவரும் ஒரே மாநிலத்தவர். பழங்குடிச் சான்றிதழின்றிப் பழங்குடி மாணவர்க்குரிய உதவித்தொகையோ விடுதியோ இடஒதுக்கீடோ கிடையாது.

பெயர்க் குழப்பமும் இதில் ஒரு பங்கு வகிக்கிறது. அதே பட்டியலில் 'கணியன், கண்யான்' என்னும் பதிவும் உண்டு. அவர்கள் தென்மாவட்டங்களில் மகுடம் கொட்டிக் கணியான் கூத்து நிகழ்த்தும் மக்கள். ஆங்கில எழுத்தில் இரு பெயர்களுக்குமிடையே உள்ள வேறுபாடு ஓர் எழுத்தளவே. நெடிலுக்கும் குறிலுக்கும் வேறுபாடு காட்டாத எழுத்தில் ஒரு மக்களின் அடையாளத்தைப் பதிவு செய்வதன் இடர் தமிழாய்வாளர்க்கு விளக்க வேண்டியதில்லை.

2002ஆம் ஆண்டின் திருத்தச் சட்டம் (2003இன் 10ஆம் சட்டம்) அப்பதிவில் 'அம்பாசமுத்திரம்' என்ற ஒரு பெயரைச் சேர்த்தது. 1956 நவம்பரிலிருந்து 2003 சனவரி வரை 46 ஆண்டுகள். எல்லை மாறிய நாளில் இஞ்சிக்குழியில் பிறந்த குழந்தை நடுவயதைக் கடந்த பின்னரே தன் இனப்பெயரைச் சட்டத்தில் கண்டது. திருத்தம் அடைப்புக்குறியை நீக்கவில்லை. அதைச் சற்று அகலமாக்கியது.

மூன்று ஆண்டுகள்

இத்திருத்தம் ஓர் எழுத்தர் பிழையின் திருத்தம் போலத் தோன்றலாம். அது வந்த காலத்தை நோக்கினால் அவ்வாறு கொள்ள இயலாது. 2006ஆம் ஆண்டு வன உரிமைச் சட்டம் காட்டில் வாழ்வோரை இரு வகையாகப் பிரிக்கிறது. பழங்குடியினர் 2005 திசம்பர் 13க்கு முன்பிருந்து அந்நிலத்தில் இருந்ததைக் காட்டினால் போதும். பிற மரபுவழி வனவாசிகள் அந்நாளுக்கு முன் மூன்று தலைமுறை, அதாவது 75 ஆண்டுகள், அங்கு வாழ்ந்ததை மெய்ப்பிக்க வேண்டும். பழங்குடியினரின் உரிமையும் அவர்கள் பழங்குடியினராக அறிவிக்கப்பட்ட மாநிலங்களில் அல்லது மாநிலப் பகுதிகளில்தான் ஏற்கப்படும் என்று அச்சட்டத்தின் நான்காம் பிரிவு கூறுகிறது.

அம்பாசமுத்திரம் என்ற சொல் 2003இல் சேர்க்கப்படாதிருந்தால் பாபநாசம் மலைக் காணிக்காரர் 75 ஆண்டு வாழ்க்கைக்குச் சான்று தேடியிருக்க வேண்டும். அப்படி ஒரு சான்றை அவர்களிடமிருந்து பறித்தது அவர்கள் வாழ்ந்த இடத்தின் வரலாறே. 1944இல் மின் உற்பத்தி தொடங்கிய பாபநாசம் திட்டத்துக்காகக் காரையாற்றில் நீர் தேக்கப்பட்டது. முண்டந்துறை 1962இல் புலிகள் சரணாலயமாகி, 1988இல் களக்காட்டோடு சேர்த்துப் புலிகள் காப்பகமாயிற்று. 1986இல் சேர்வலாறு அணை வந்தது. முகட்டின் மறுபுறமும் இதுவே கதை: 1906இல் பேச்சிப்பாறை, 1958இல் நெய்யாறு, 1983இல் பேப்பாறை. ஆண்டு சில கழிந்தால் குடியிருப்பை மாற்றுவது அவர்கள் வேளாண்மையின் இயல்பு. நீர்த்தேக்கமும் காப்பகமும் வந்தபின் மாற்றியது அவர்கள் விருப்பமன்று. இரண்டையும் பிரித்தறியும் ஆவணம் எதுவும் வனத்துறைக் கோப்புகளுக்கு வெளியே உருவாகவில்லை. மேட்டூர் அணை திறக்கும் நாளை எதிர்பார்த்தே ஆண்டைக் கணக்கிடும் படுகையிலிருந்து எழுதுபவர்க்கு, அணை என்றால் நீர் வரும் என்ற எண்ணமே முதலில் எழும். அணைக்கு மேலே இருப்பவர்க்கு அது நீர் ஏறும் என்பதாகப் பொருள்படும்.

சட்டம் வந்த பின்னும் முகட்டின் இருபுறமும் காலம் ஒன்றாக நடக்கவில்லை. 2008இல் சென்னை உயர்நீதிமன்றம் பிறப்பித்த இடைக்கால ஆணையால் தமிழ்நாட்டில் உரிமைச் சான்று வழங்குவது நீதிமன்ற ஒப்புதலுக்குக் கட்டுப்பட்டது. உச்ச நீதிமன்றம் 2016இல் அத்தடையை நீக்கியது. அவ்விடைக் காலத்தில் கேரளத்தில் சான்றிதழ்கள் வழங்கப்பட்டன. ஒரே மக்கள், ஒரே நடுவணரசுச் சட்டம். இடையில் எட்டு ஆண்டுகள்.

ஆரோக்கியப்பச்சையும் பங்கின் எல்லையும்

நிலத்தைப் போலவே அறிவும் எல்லைக்குட்பட்டது. 1987 திசம்பரில் அகத்தியமலையில் இனத் தாவரவியல் கள ஆய்வு மேற்கொண்ட அறிவியலறிஞர் குழுவுக்குக் காணிக்காரர் வழிகாட்டிகளாகச் சென்றனர். புஷ்பாங்கதன் தலைமையிலான அக்குழுவினர் களைத்திருந்தபோது, வழிகாட்டிகள் சோர்வின்றி நடந்ததோடு சிறு பழம் ஒன்றைத் தின்றுகொண்டே வந்தனர். முதலில் சொல்லத் தயங்கினும் பின்னர் அவர்கள் காட்டிய செடியே ஆரோக்கியப்பச்சை. பாலோட்டில் உள்ள வெப்பமண்டலத் தாவரவியல் பூங்கா மற்றும் ஆய்வு நிறுவனம் அதனையும் வேறு மூலிகைகளையும் சேர்த்து 'ஜீவனி' என்னும் மருந்தை உருவாக்கியது. 1995இல் அதன் தயாரிப்பு உரிமை கோயம்புத்தூர் ஆரிய வைத்திய மருந்தகத்துக்கு 10 லட்சம் ரூபாய்க் கட்டணத்துக்கும் விற்பனையில் 2 விழுக்காட்டுப் பங்குக்கும் வழங்கப்பட்டது. அவ்வருவாயில் பாதியைக் காணிக்காரர்க்கு அளிப்பதென நிறுவனம் முடிவு செய்தது. மரபறிவுக்குரிய பயனைப் பகிர்ந்ததில் உலகின் முன்னோடி முயற்சிகளுள் ஒன்றாக இது பேசப்படுகிறது, அப்பாராட்டு தகுதியானதே. பல்லுயிர்மரபு குறித்த 1992ஆம் ஆண்டுப் பன்னாட்டு உடன்படிக்கையின் மை காயும் முன்னரே, சட்டக் கட்டாயம் எதுவுமின்றி அது செய்யப்பட்டது.

பணத்தைப் பெறுவதற்காக 1997 நவம்பரில் ஓர் அறக்கட்டளை பதிவு செய்யப்பட்டது. அதன் பெயர் கேரளக் காணி சமுதாய சேம அறக்கட்டளை. பெயரின் முதற்சொல் இங்கு நோக்கத்தக்கது. மருந்தைச் செய்த நிறுவனம் தமிழ்நாட்டில். செடி முகட்டின் இருபுறமும் விளைவது. அறிவு இல்லங்கள் வழியாகப் பரவி நிற்பது. பங்கு மட்டும் மாநில எல்லையோடு நின்றது. இதில் யாரும் யாரையும் வஞ்சித்ததாகக் கூற இயலாது. நிறுவனம் கேரள அரசின் கீழியங்குவது. அதற்குத் தெரிந்த காணிக்காரர் கேரளத்தவர். கேரளத்துக்குள்ளும் விதுரா போன்ற பிற பகுதிக் காணிக்காரர் தம்மைக் கலக்காமல் தம் அறிவு கொடுக்கப்பட்டதென்று குறைகூறினர். ஆயினும் அக்குறையைக் கூறவேனும் அவர்களுக்கு ஓர் இடமிருந்தது. மயிலாற்றிலோ மோதிரமலையிலோ வாழும் ஒரு பிலாத்தி, அச்செடியின் குணம் தன் பாட்டனுக்கும் தெரியும் என்று சொல்ல விரும்பினால், அதைக் கேட்டுப் பதியும் அலுவலகம் எது? 2002ஆம் ஆண்டுப் பல்லுயிர்மரபுச் சட்டமும் மாநில வாரியங்களையே அமைத்தது.

அகத்தியமலை உயிர்க்கோளக் காப்பகமோ 2001இல் அறிவிக்கப்பட்டபோது இரு மாநிலங்களுக்கும் பொதுவாக, 3,500 சதுர கிலோமீட்டர் பரப்பில் அமைந்தது. 2016இல் யுனெசுகோவின் உலக வலையமைப்பிலும் இடம்பெற்றது. யானைக்கும் சிங்கவால் குரங்குக்கும் மாநில எல்லை பொருந்தாது என்பதை அரசுகள் ஏற்றுக்கொண்டுள்ளன. மக்கள்பால் அந்நிலை இன்னும் எட்டவில்லை. 1990இல் உச்ச நீதிமன்றம் வழங்கிய தீர்ப்பொன்றின்படி, ஒரு மாநிலத்தில் பெற்ற பழங்குடித் தகுதி மற்றொரு மாநிலத்துக்கு இடம்பெயர்ந்தவரோடு தானாகச் செல்வதில்லை. அப்பெயர் இரு பட்டியல்களிலும் இருந்தாலும் இதுவே நிலை. கோட்டூரிலிருந்து மோதிரமலைக்கு மணமாகி வரும் பெண் எந்த அரசின் பழங்குடி என்ற கேள்வி, மச்சான் இல்ல முறை தொடரும் வரை எழுந்துகொண்டேயிருக்கும்.

அடைப்புக்குறி இன்னும் இருக்கிறது. அது எழுதப்பட்டபோது செங்கோட்டை வட்டம் திருநெல்வேலி மாவட்டத்தைச் சேர்ந்திருந்தது. 2019 நவம்பர் 22 முதல் அது தென்காசி மாவட்டத்தில் உள்ளது.